பட்டறையும் பாசறையும்

தாம்பரத்து விமானப்படைத் தளத்துக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் நடுவே கோவிலம்பாக்கம் என்ற ஊர் இருக்கிறது. பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் செல்லும் அகன்ற சாலை இவ்வூர் வழியே போகிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. கல்லூரி இங்கிருந்து வெகு தூரமில்லை. இவ்வூரில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, ஒரு லேத்தையும் இரண்டு கம்ப்யூட்டர்களையும் வைத்துக்கொண்டு, எதிரியின் ட்ரோன்களைக் கண்டறியும் கருவியொன்றைச் செய்ய நான்கு இளைஞர்கள் முற்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய முயற்சி ஈடேறுமா? இது நான்கு பேருடைய பிழைப்பைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. தேசத்தின் பாதுகாப்பைப் பற்றிய கேள்வி என்பது நமது அபிப்பிராயம்.

யுத்தக் கருவிகள் என்றாலே பிரம்மாண்டமான தொழிற்சாலைகள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. 1965-ல் விஜயந்தா டாங்கியை வெளியிட்ட ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையை அறியாத தமிழர் இல்லை. அத்தகைய ஆலைகள் இன்றும் இன்றியமையாதவையே. ஆயினும் காலம் மாறிவிட்டது. உக்ரேன் யுத்தத்தில் சிறு பட்டறைகளில் கோக்கப்படும் ட்ரோன்கள், பெரும் விலையுள்ள டாங்கிகளை அழித்திருக்கின்றன. இன்று வேலை செய்யும் கருவியை எதிரி சில வாரங்களில் முடக்கிவிடுகிறான். உடனே அதை மாற்றியமைத்தாக வேண்டும். 2025 மே மாதம் நமது மேற்கு எல்லையில் நடந்த மோதலிலும் ட்ரோன்கள் கூட்டங்கூட்டமாக வந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இவ்வளவு விரைவாக மாறும் வேலைக்குச் சிறு பட்டறையே தகுந்தது. அங்கே யோசிப்பவனும் செய்பவனும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள்.

கைத்திறன் நமக்குப் புதிதன்று. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை அழிந்தபோது, இரும்புக் குழாயில் மருந்து அடைத்த மைசூர் ராக்கெட்டுகள் அப்போரில் பாய்ந்தன. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அந்த ராக்கெட்டுகளில் சில இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. உல்லிச் படைச்சாலையை நிலைக்களமாகக் கொண்டு வில்லியம் காங்கிரீவ் என்பவர் அவ்வித்தையை ஆராய்ந்து, அளந்து, சோதித்துத் திருத்தினார். அவருடைய ராக்கெட்டுகள் 1806-ல் பூலோன் துறைமுகத்தின் மீதும், 1807-ல் கோபன்ஹேகன் நகரத்தின் மீதும் விழுந்தன. வித்தை நம்முடையது, பயன் அவர்களுடையது. காரணம் என்ன? அவர்கள் சர்க்கார் சோதனைக்கு இடம் கொடுத்தது; செய்த பொருளை வாங்கவும் செய்தது. இந்த இரண்டாவது காரியத்தையே நாம் இன்று வலியுறுத்த விரும்புகிறோம்.

நமது சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2018 ஏப்ரலில், இதே தென்சென்னையைத் தாண்டிக் கடற்கரையோரம் உள்ள திருவிடந்தையில் நடந்த ராணுவக் கண்காட்சியில்தான் 'ஐடெக்ஸ்' என்னும் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. முப்படைகளும் தமக்குள்ள பிரச்னைகளை வெளியிடும். தீர்வு காணும் சிறு நிறுவனத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை மானியம் உண்டு. அதற்கு ஈடான பங்கை நிறுவனமும் போட வேண்டும். 2022-ல் இந்த வரம்பு, பெரிய முயற்சிகளுக்கு 10 கோடியாக உயர்ந்தது. சென்னை, கோயமுத்தூர், ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து மையங்களைக் கொண்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. இவையெல்லாம் பாராட்டத்தக்கவை.

ஆனால் மானியம் வேறு, கொள்முதல் வேறு. 2025 பிப்ரவரி வரை ஐடெக்ஸ் திட்டத்தில் 430 ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. படைகள் வாங்க முன்வந்த பொருள்களோ 43. அவற்றின் மதிப்பு சுமார் 2,400 கோடி ரூபாய். ஆராய்ச்சி பலன் தர நாளாகும் என்பதையும், எல்லா முயற்சியும் வெற்றி பெறாது என்பதையும் நாம் அறிவோம். வெற்றி பெற்றவர்களும் உண்டு. சென்னையிலுள்ள பிக் பேங் பூம் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம், ட்ரோன் எதிர்ப்புக் கருவிக்காக 200 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஆர்டரைத் தரைப்படையிடமிருந்தும் விமானப்படையிடமிருந்தும் பெற்றதை 2024-ல் நாடறிந்தது. எனினும் மாதிரி செய்து முடித்தபின் உத்தரவுக்காகக் காத்திருக்கும் பட்டறைகளின் கதி என்ன?

நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டு, கதிர் விடும் பருவத்தில் மதகை அடைத்தால் பயிர் என்னாகும்? பெரிய நிறுவனத்துக்கு வேறு வியாபாரம் உண்டு. இரண்டு வருஷம் காத்திருக்கும். கோவிலம்பாக்கத்துக் கொட்டகைக்கு மாதம் பிறந்தால் வாடகை; வாரம் பிறந்தால் கூலி. துணி நெய்பவன் ஒரு கடையில் விலைபோகாவிட்டால் இன்னொரு கடைக்குப் போவான். ராணுவக் கருவி செய்பவனுக்கு அந்த வழியும் இல்லை. சர்க்கார் ஒன்றே அவனுக்கு முதல் கடை. அமெரிக்காவில் 1982-ல் இயற்றிய சட்டம், பெரும் ஆராய்ச்சிச் செலவுள்ள இலாகாக்கள் அதில் ஒரு பங்கைச் சிறு தொழில்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றது. 2017-ல் அப்பங்கு 3.2 சதவிகிதமாயிற்று. யோசனைக்கும் மாதிரிக்கும் அச்சட்டத்தில் பணம் உண்டு; மூன்றாம் படியாகிய விற்பனைக்கு அந்த ஒதுக்கீட்டில் பணம் இல்லை. அங்கேயும் பலர் இரண்டாம் படியில் நின்றுவிட்டார்கள். பிறருடைய அனுபவத்தில் பாடம் கற்பது நமக்கு நஷ்டமில்லை.

"அப்படியானால் அரைகுறைப் பொருளையும் படைகள் வாங்க வேண்டுமா?" என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டவே வேண்டாம். எல்லையில் நிற்கும் ஜவானின் உயிர் தானப் பொருளன்று. 2025 பிப்ரவரியில், சீன உதிரிப் பாகங்கள் இருந்த காரணத்தால் 400 சரக்கு ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களைப் பாதுகாப்பு இலாகா ரத்துச் செய்தது. அது சரியான காரியமே. அன்னிய உதிரிகளைக் கோத்து உள்நாட்டுப் பெயர்ப்பலகை மாட்டுவது சுதேசியம் ஆகாது. பரீட்சை கடுமையாக இருக்கட்டும். ஆனால் குறித்த நாளில் நடக்கட்டும். தேறியவனுக்கு வேலை கிடைக்கட்டும். தவறியவனுக்குக் காரணம் எழுத்தில் கிடைக்கட்டும்.

நாம் கேட்பவை அதிகமில்லை. முதலாவது, ஒரு பிரச்னையை வெளியிடும்போதே, பரீட்சையில் தேறினால் குறைந்தபட்சம் எத்தனை, எந்த மாதத்துக்குள் வாங்குவோம் என்பதைப் படைகள் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இரண்டாவது, சோதனை நிலையங்கள் சிறியவர்களுக்கும் திறக்க வேண்டும். 2020-ல் 400 கோடி ரூபாயில் அறிவித்த திட்டத்தின்படி, ட்ரோன்களுக்கான நிலையம் உள்பட மூன்று சோதனை நிலையங்கள் தமிழ்நாட்டில் அமைய 2024 ஜூலையில் ஒப்பந்தமாயிற்று. அவற்றில் சிறு பட்டறைகளுக்குக் கட்டணச் சலுகையும் முறைநாளும் ஒதுக்க வேண்டும். மூன்றாவது, சரக்கை ஏற்றபின் பணத்தைக் காலத்தில் கொடுக்க வேண்டும். சிறு தொழிலாளிக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக்கூடாது, வைத்தால் ரிசர்வ் பாங்கு விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி தரவேண்டும் என்று 2006-ம் வருஷத்துச் சட்டம் விதிக்கிறது. சட்டம் புஸ்தகத்தில் இருந்து என்ன பயன்? வாங்குகிறவன் சர்க்காராக இருக்கும்போது, கொடுக்க வேண்டியவனுடைய வாசலில் ஏழைத் தொழிலாளி வழக்குப் போட அஞ்சுவான் என்பது நியாயஸ்தலம் அறிந்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

பொதுஜன ஊழியர்களுக்கும் இதில் கடமை உண்டு. புதிய திட்டம் அறிவிக்கப்படும் நாளில் மேடையேறிக் கைதட்டுவது சுலபம். எத்தனை பேருக்கு மானியம் கிடைத்தது என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனை பேரிடம் வாங்கினீர்கள் என்று சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் வருஷந்தோறும் கேட்க வேண்டும். தாம்பரத்து வானில் பயிற்சி விமானம் பறக்கும் ஓசை கோவிலம்பாக்கத்துக் கொட்டகைக்குக் கேட்கிறது. கொட்டகையில் ஓடும் லேத்தின் ஓசையும் பாசறைக்குக் கேட்க வேண்டும்.