பொன் கொடுத்து வாங்கிய குதிரையும் சோற்றுத் தீவனமும்

வெனிஸ் நகர வணிகர் மார்க்கோ போலோ, கி.பி. 1292-ஆம் ஆண்டையொட்டி, சீனத்திலிருந்து கடல் வழியே ஊர் திரும்புகையில் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்தார். அவர் குறிப்பிடும் 'காயல்' துறைமுகம், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தை அடுத்த பழையகாயலே என்று 19-ஆம் நூற்றாண்டில் பேராயர் கால்டுவெல் ஆராய்ந்து கூறினார். 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும் வரை நெல்லை மாவட்டத்தில் இருந்த ஊர் இது. ஆற்று வண்டல் படிந்து துறை தூர்ந்துவிட, கடல் இன்று விலகிப் போய்விட்டது.

நம் அன்றாட வழக்கங்கள் அந்தப் பயணிக்கு முரணாகப்பட்டன. உடலெல்லாம் முத்தும் மணியும் பூண்ட அரசன் இடுப்பில் ஒற்றைத் துணியோடு இருக்கிறான், தரையில் அமர்கிறான். மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே போகிறவர்கள் மண்ணில் அமர்வதே மரியாதை என்று அவருக்கு விடை கிடைத்ததாம். வீட்டைச் சாணமிட்டு மெழுகுவதும், வாய் வைக்காமல் அண்ணாந்து தண்ணீர் குடிப்பதும் அவருக்கு விந்தையே.

அவர் எழுதியவற்றுள் உழவர்கள் கவனிக்க வேண்டியது குதிரைச் செய்திதான். ஓர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து அரசன் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளைப் பொன் கொடுத்து வாங்குவானாம். ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சாதாம். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் காரணம் கவனிக்கத்தக்கது. குதிரை வைத்தியம் அறிந்தவர் இங்கே இல்லை. குதிரை செத்தால்தான் மறு வியாபாரம் என்பதால், அத்தகையவர் இங்கு வராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள். தீவனமோ, இறைச்சி சேர்த்து வேகவைத்த சோறு!

குதிரை புல் தின்னும் பிராணி. மாவுச்சத்து மிகுந்தால் குடலில் புளித்து, வயிற்று வலியும் குளம்பில் அழற்சியும் உண்டாகும்.

நாமும் இதே தவற்றை மாட்டுக்குச் செய்வதுண்டு. கலியாண வீட்டில் மீந்த சோற்றையும், மாட்டுப் பொங்கலன்று அளவுக்கு மீறிய பொங்கலையும் அன்போடு ஊட்டுகிறோம். பழக்கமில்லாத சோறு மிகுதியானால் அசையூண் வயிற்றில் அமிலம் பெருகும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், வயிறு உப்பும், நாற்றத்துடன் நீராகக் கழியும், பிறகு எழ முடியாமல் படுத்துவிடும். காலந்தாழ்த்தினால் உயிருக்கே ஆபத்து. உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். சமையல் சோடாக் கரைசலை அவர் சொல்லும் அளவில்தான் கொடுக்க வேண்டும். படுத்துவிட்ட மாட்டுக்கு வலுவில் புகட்டினால் நுரையீரலில் இறங்கிவிடும்.

விழா நாளிலும் வைக்கோலும் பசும்புல்லுமே முதல் தீவனம். பொங்கல் ஒரு கைப்பிடி போதும். தீவனத்தை மாற்றுவதானால் சில நாட்களில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். பாண்டியன் பொன் கொடுத்து வாங்கிய குதிரைக்கு நேர்ந்த கதி, நாம் கடன் பட்டு வாங்கிய கறவைக்கு நேர வேண்டாம்.