நாம் பால் வெட்டும் நேரத்தில் சட்டி வேகட்டும்



உழைப்பாளிக்கு உடம்புதான் முதல். அந்த உடம்புக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? விடியுமுன் பெரட்டுக்கு ஓட வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். இதில் அடுப்பு மூட்ட நேரமேது? ஒரு மங்கு இனிப்புத் தேநீர், நாலு பிஸ்கட், அதோடு சரி. மதியம் களைத்து வந்து, "இப்ப யாரு சமைக்கிறது?" என்று மீ பாக்கெட்டைப் பிரிக்கிறோம். கூலிம், சுங்கைப்பட்டாணி தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறும் நம் பிள்ளைகளின் பாடும் இதேதான்.

இதன் பலன் என்ன? 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, இந்நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடையே இது இன்னும் அதிகம். பசியோடு வேலை செய்துவிட்டு, கிடைத்ததை அள்ளிச் சாப்பிடும் பழக்கம் இந்த நோய்க்கு நல்லதல்ல.

அந்தக் காலத்தில் லயத்து வீடுகளில் பாட்டிமார் என்ன செய்தார்கள்? விறகடுப்பில் தணல் இருக்கும்போதே பருப்புச் சட்டியை ஏற்றி, மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். திரும்பி வரும்போது பருப்பு குழைந்திருக்கும். 'ஸ்லோ குக்கர்' என்று இன்று கடையில் விற்கும் மின்சட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது. அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்பவர் இதற்கு 1940-இல் காப்புரிமை பெற்றார். 200 வாட் சட்டி 8 மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட் மின்சாரம்தான் ஆகும்.

நாலு பேருக்கு ஒரு சமையல் சொல்கிறேன். மைசூர்ப் பருப்பு ஒரு கப், தண்ணீர் நாலு கப், பூசணி, கேரட், வெங்காயம், பூண்டு, மஞ்சள், சீரகம். காய்கறியை முதல் நாள் இரவே நறுக்கிக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் எல்லாவற்றையும் கேஸ் அடுப்பில் ஒரு கொதி விட்டு, சூட்டோடு மின்சட்டியில் ஊற்றி, 'லோ'வில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள். ஆறேழு மணி நேரத்தில் வெந்திருக்கும். புளியை முதலில் போடாதீர்கள். புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேகாது. வந்த பிறகு புளி, உப்பு, முருங்கைக்கீரை சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்க விட்டுத் தாளித்தால் போதும். நீரிழிவுக்காரர்கள் குழைந்த கஞ்சியைக் குறைத்து, இந்தப் பருப்பையும் காயையும் கூட்டிக்கொள்வது நல்லது. குழைந்த சோறு சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும்.

"சட்டியில போட்டாச்சு, இனி கவலை இல்ல" என்று இருந்துவிடக் கூடாது. மெதுவாகச் சூடேறும் சட்டியில் ஆபத்தும் உண்டு. இவற்றைக் கட்டாயம் கவனியுங்கள்:

1. ராஜ்மா எனப்படும் பெரிய சிவப்புப் பயற்றை நேராக இதில் போடவே கூடாது. அதில் இயற்கையாகவே ஒரு நச்சு இருக்கிறது. மிதமான சூட்டில் அது அழியாது. வேகாத பயற்றைவிட அரைவேக்காட்டுப் பயற்றில் அது இன்னும் கடுமையாகும். நாலைந்து கொட்டை தின்றாலே போதும். ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் வரலாம். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்க விட்ட பிறகே சட்டியில் போடுங்கள்.

2. உறைந்த கோழியை அப்படியே போடாதீர்கள். உள்ளே சூடு ஏறுவதற்குள் கிருமி பெருகிவிடும். முதல் நாளே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள்.

3. அடிக்கடி மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். ஒரு தடவை திறந்தால், போன சூடு திரும்பக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். சட்டியில் பாதிக்குக் குறையாமலும் முக்கால் பங்குக்கு மிஞ்சாமலும் நிரப்புங்கள்.

4. நீங்கள் வேலைக்காட்டில் இருக்கும்போது கரண்ட் போயிருந்தால், எவ்வளவு நேரம் போனதென்று உங்களுக்குத் தெரியாது. மனம் கேட்காதுதான், ஆனாலும் அந்தச் சாப்பாட்டைக் கொட்டிவிடுங்கள். ஒரு சட்டிப் பருப்பைவிட பிள்ளையின் வயிறு பெரிது.

5. மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுபடி சூடாக்க மின்சட்டி உதவாது. அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுங்கள்.

6. வயரை மேசை ஓரத்தில் தொங்க விடாதீர்கள். தவழும் குழந்தை இழுத்தால் கொதிக்கும் குழம்பு தலையில் கொட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய் நறுக்குவதும் பருப்புக் கழுவுவதும் தாய்மாருக்கு மட்டும் எழுதி வைத்த வேலையல்ல. அவரும் விடியுமுன் எழுந்து அதே மரங்களுக்குத்தான் போகிறார். இன்றிரவு கணவன் வெங்காயம் உரிக்கட்டும், மகன் பூசணி நறுக்கட்டும். நாளை மதியம் வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது பருப்பு வாசம் வந்தால், களைப்பில் பாதி அப்போதே போய்விடும்.