ஆம்பூரில் வரைய ஒரு கணினி

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்திலிருந்து கப்பலேறும் ஷூக்களில் பெரும்பாலானவை இங்கே வரையப்பட்டவை அல்ல. ஜெர்மனியிலோ இத்தாலியிலோ இருக்கும் பிராண்டு படம் அனுப்பும்; இங்கே தோலை வெட்டி, ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைத்து, லாஸ்ட் என்ற கால் வடிவ அச்சில் ஏற்றி, பெட்டியில் அடுக்குவார்கள். தோலின் குணத்தைத் தொட்டே சொல்லிவிடும் ஊரில், அந்தத் தோல் என்ன வடிவம் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் குறைவு. இது மாற வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அதனால், பிளஸ் டூ முடித்த பிள்ளை ஒன்று "டிசைன் படிக்கப் போறேன், நல்ல கம்ப்யூட்டர் வேணும், அதுல கேமும் ஆடணும்" என்று கேட்டால் அதைச் சின்ன விஷயமாக நினைக்க முடியவில்லை. ஷூ கம்பெனியின் தையல் வரிசையில் உட்காரும் ஒரு அம்மாவுக்கு அது பல மாதச் சம்பளம். அந்தப் பணம் போகிற இடம் சரியாக இருக்க வேண்டும்.

முதலில் பிள்ளை எங்கே தங்கிப் படிக்கப்போகிறது என்பதைப் பாருங்கள். 1986-ல் தொடங்கி, 2017-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஆன, காலணி வடிவமைப்புப் படிப்புக்கான எஃப்.டி.டி.ஐ.யின் சென்னை வளாகம் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் இருக்கிறது. அங்கே விடுதியில் தங்குவதென்றால் டெஸ்க்டாப்பைச் சுமந்து திரிய முடியாது, லேப்டாப்தான் சரி. வீட்டிலிருந்தே வேலூர் விஐடி போன்ற கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளைக்கு டெஸ்க்டாப்தான் லாபம். அதே பணத்துக்கு வேகம் கூடுதல். ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம். இனிச் சொல்வது பெரும்பாலும் டெஸ்க்டாப்புக்கே.

விளையாட்டுக்கு என்று தனிச் செலவு எதுவும் கிடையாது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. வேலரன்ட் ஆடும்போது ஒளியையும் நிழலையும் தீட்டும் அதே கிராஃபிக்ஸ் கார்டுதான் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஷூவின் மேல் வெளிச்சம் விழுவதையும் கணக்கிடுகிறது. டிசைன் பிள்ளைக்குப் பார்க்க வேண்டியது கார்டின் மெமரி. தோலின் மயிர்க்கண் தெரியும்படி 4096-க்கு 4096 அளவில் ஒரு படம் போட்டால், சுருக்காத நிலையில் அது 64 எம்பி பிடிக்கும். நிறம், வழவழப்பு, மேடுபள்ளம் போன்றவற்றுக்காக ஒரு பொருளுக்கே நான்கு படம் தேவைப்படும். அப்பர், லைனிங், சோல், லேஸ், இன்சோல் என்று ஐந்து பொருள் சேர்ந்தால் ஒரு ஷூவுக்கே ஒன்றேகால் ஜிபி. பத்து ஷூவை வரிசையாக நிறுத்தி ஒரு கலெக்‌ஷன் காட்ட வேண்டும் என்றால் 8 ஜிபி கார்டு மூச்சுத் திணறும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது, 16 ஜிபி கார்டும் இருக்கிறது. கடையில் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் படியுங்கள். ஏஎம்டி கார்டும் நல்ல கார்டுதான். ஆனாலும் டிசைன் மென்பொருள்கள் பல என்விடியாவின் குடா நுட்பத்தை நம்பியே எழுதப்பட்டிருப்பதால், மாணவருக்கு என்விடியா என்றே சொல்வேன்.

பிராசஸருக்கு அவ்வளவு யோசனை வேண்டாம். ரைனோ என்ற டிசைன் மென்பொருளில் வடிவம் அமைக்கும் வேலை பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடுகிறது. வேகமான ஆறு கோர் போதும். ரைசன் 5 7600 மாதிரி ஒன்று. ராம் வாங்குவதுதான் இப்போது சங்கடம். ஏஐ டேட்டா சென்டர்களின் பக்கம் மெமரி சிப்புகள் திரும்பியதால் 2025-ன் கடைசியில் விலை கிடுகிடுவென ஏறியது. 32 ஜிபிக்குக் கை எட்டாவிட்டால் 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்கி, பக்கத்து ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். கேமில் கொஞ்சம் வேகம் குறையும். விலை இறங்கும்போது அதே வகைக் குச்சி இன்னொன்று சேர்த்தால் குறை தீரும்.

மானிட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஷூ கம்பெனியில் ஷேடு பார்ப்பவர்கள் தோலை வெயிலிலும் டியூப்லைட்டிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதையும், பகலொளிக்கு ஈடான விளக்குப் பெட்டிக்குள் வைத்துச் சரிபார்ப்பதையும் இந்த ஊரில் பலர் அறிவார்கள். டேன் நிறம் திரையில் ஆரஞ்சாகத் தெரிந்தால் மற்ற பாகங்களுக்குக் கொட்டிய பணம் வீண். 27 அங்குல ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி நிறம் கிட்டத்தட்ட முழுமையாக, 2560-க்கு 1440 அளவு, 144 ஹெர்ட்ஸுக்குக் குறையாத வேகம். இப்படி ஒன்று வாங்கினால் டிசைனுக்கும் விளையாட்டுக்கும் அதுவே போதும்.

இனி வருவது இந்த மண்ணுக்கே உரிய பிரச்சினை. வேலூர் வட்டாரத்தில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அறை எவ்வளவு கூடுதலாகச் சுடுகிறதோ, பெட்டிக்குள் இருக்கும் கார்டும் ஏறக்குறைய அவ்வளவு கூடுதலாகச் சுடும். ஓர் அளவுக்கு மேல் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கண்ணாடி முகப்பும் வண்ண விளக்கும் உள்ள கேபினெட் பார்க்க அழகு. ஆனால் நமக்கு வேண்டியது முன்பக்கம் முழுக்க வலையும், கழற்றிக் கழுவும் தூசி வடிகட்டியும் உள்ளது.

டேனரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு இருந்தால் இன்னொரு கவலையும் உண்டு. தோலிலிருந்து மயிரை நீக்கச் சோடியம் சல்பைடு பயன்படுகிறது. அது கலந்த கழிவு நீர் அமிலத்தோடு சேரும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு வருகிறது. செம்பையும் வெள்ளியையும் கறுக்கவைக்கும் வாயு அது. காலில் போட்ட கொலுசு கறுக்கும் அதே வேதிவினை மதர்போர்டின் செம்புத் தடங்களிலும் மெதுவாக நடக்கும். கணினியை டேனரிப் பக்கத்து ஜன்னலின் கீழ் வைக்காதீர்கள். அந்த வாடை தூக்கலாக வரும் நேரங்களில் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். அது மனிதர்களின் நுரையீரலுக்கும் நல்லது.

மின்சாரத்தையும் கணக்குப் போட வேண்டும். மேலே சொன்ன 5060 டிஐ கார்டு 180 வாட் வரை இழுக்கும். பிராசஸர் 90 வாட்டை நெருங்கும். மற்ற பாகங்களும் மானிட்டரும் தனி. கடையில் சாதாரணமாகத் தரும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட்தான் தாங்கும். ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் அதுவும் கூடவே படுத்துவிடக்கூடும். 1000 விஏவுக்குக் குறையாமல் வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்புவதாக இருந்தால் அது சைன்வேவ்தானா என்று பாருங்கள். எர்த் இல்லாத பிளக்கில் எதையும் செருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் 650 வாட், 80 பிளஸ் முத்திரையோடு இருக்கட்டும். இந்தப் பாகத்தில் மிச்சம் பிடித்த ரூபாய் பின்னால் மதர்போர்டாகப் போகும்.

ஆம்பூர்க்காரருக்குச் சந்தை இரண்டு பக்கம் இருக்கிறது: கிழக்கே சென்னை ரிச்சி தெரு, மேற்கே பெங்களூர் எஸ்.பி. ரோடு. எங்கே வாங்கினாலும் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் ஏற வேண்டும். 18 சதவீத வரியைத் தவிர்க்கலாம் என்று துண்டுச்சீட்டில் எழுதித் தருவதை ஏற்காதீர்கள். மூன்றாண்டு வாரண்டி அந்தச் சீட்டோடு போய்விடும்.

மென்பொருளுக்கு முதலில் பணம் தேவையில்லை. பிளெண்டர் இலவசம், ரைனோவை 90 நாள் இலவசமாகப் பழகலாம். முதல் வேலைக்கு ஒரு யோசனை. ஷூ கம்பெனியில் பழைய லாஸ்ட் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். சுற்றிச் சுற்றிப் போனில் படமெடுத்து, மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருளில் கொடுத்தால் அது முப்பரிமாணமாகத் திரையில் எழும். அதே லாஸ்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சிலால் அப்பரை வரைந்து, உரித்து அட்டையில் தட்டையாக்குவது பேட்டர்ன் மாஸ்டர்களின் பழைய முறை. திரையில் வரைந்த கோட்டையும் அட்டையில் வந்த கோட்டையும் பக்கத்தில் வைத்து, வீட்டில் தையல் மிஷினில் வேலை செய்பவரிடம் காட்டுங்கள். எந்த வளைவில் தையல் ஏறாது, எங்கே தோல் சுருங்கும் என்று அவர் விரல் வைத்துக் காட்டுவார்.