கத்தி படுவதற்கு முன்னே

மூட்டு தேய்ந்து நடக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு மருத்துவர்கள் செயற்கை மூட்டைப் பொருத்துகின்றனர். உலோகத்தாலும் நெகிழியாலும் ஆன அம்மூட்டு பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால், அறுவை சிகிச்சையின்போது அதில் கிருமி தொற்றிவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும்.

மனிதர்களின் தோலிலும் மூக்கினுள்ளும் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வெளியே இருக்கும்வரை அவற்றால் பெரும்பாலும் தொல்லை இல்லை. கிருமிநாசினியால் தோலை எவ்வளவுதான் துடைத்தாலும், மயிர்க்கால்களில் ஒளிந்திருக்கும் சில தப்பிவிடும். தோலை அறுக்கும்போது அவை உள்ளே நுழையும். சாதாரணப் புண்ணாக இருந்தால் இரத்த வெள்ளையணுக்கள் அவற்றை அழித்துவிடும். உலோகத்திலோ இரத்த ஓட்டம் இல்லை. கிருமிகள் அதன்மேல் ஒட்டிக்கொண்டு, வழவழப்பான படலம் ஒன்றை உருவாக்கி, அதற்குள் பதுங்கிக்கொள்கின்றன. பிறகு எந்த மருந்தும் அவற்றை எளிதில் அழிக்க முடியாது. பல வேளைகளில் பொருத்திய மூட்டையே கழற்றி எடுத்து, வாரக்கணக்கில் மருந்து செலுத்தி, மீண்டும் ஒரு முறை அறுவை சிகிச்சை செய்ய நேரிடும்.

இதைத் தவிர்க்கவே நோயாளிக்கு முன்கூட்டியே நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்படுகிறது. நோய் வராதபோது மருந்து எதற்கு என்று சிலர் வியக்கலாம். 1961-ஆம் ஆண்டில் ஜான் பர்க் என்னும் அமெரிக்க மருத்துவர் கினிப் பன்றிகளிடம் செய்த ஆய்வு இதற்கு விடை தந்தது. கிருமி நுழையும் முன்னரே உடலில் இருந்த மருந்து நன்கு வேலை செய்தது. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்த மருந்தால் பயனில்லை.

1992-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2,847 நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஆய்வும் இதையே காட்டியது. அறுவைக்கு முந்திய இரண்டு மணி நேரத்திற்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 விழுக்காட்டினருக்கே தொற்று ஏற்பட்டது. அதற்கும் வெகு முன்பே பெற்றவர்களில் 3.8 விழுக்காட்டினர் பாதிக்கப்பட்டனர். சீக்கிரம் கொடுப்பதும் தவறாகிவிடுகிறது. கத்தி படும் நேரத்தில் இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்துவிடும் அல்லவா?

பரவலாகப் பயன்படும் மருந்து செஃபசோலின். அதை அறுவைக்கு முந்திய ஒரு மணி நேரத்திற்குள் சிரையின் வழியே செலுத்துவார்கள். முழங்கால் அறுவையில் இன்னொரு கவனமும் தேவை. இரத்தப்போக்கைக் குறைக்கத் தொடையில் பட்டை கட்டி இறுக்குவதுண்டு. இறுக்கிய பிறகு ஊசி போட்டால் மருந்து முழங்காலைச் சென்றடையாது! அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் மருந்தை மீண்டும் செலுத்துவார்கள்.

ஆனால், அறுவை முடிந்தபின் நாள்கணக்கில் மருந்தைத் தொடர்வதால் கூடுதல் பயனில்லை. மாறாக, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். 2016-இல் உலகச் சுகாதார நிறுவனமும் அவ்வாறு தொடர வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

தமக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பதை நோயாளி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். செஃபசோலினுக்கு மாற்றாக வான்கோமைசின் கொடுப்பதானால், அதை மெதுவாகத்தான் ஏற்ற முடியும். அதனால் தாதியர் இன்னும் முன்னதாகவே அதைத் தொடங்கிவிடுவர்.