பல்லுறை செதுக்கும் பொறி

திருவில்லிபுத்தூர்க் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் ஏறத்தாழ 192 அடி உயரமுடையது. அத்துணைப் பெரிய கட்டடத்தில் மயிரிழை வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. மனிதனின் வாயிலோ அதுவே பெரிது. பல்லின்மேல் இட்ட உறை அவ்வளவு உயர்ந்திருந்தாலும் கடிக்கும்போது உறுத்தும்; விளிம்பில் அவ்வளவு இடைவெளி இருந்தாலும் நுண்ணுயிர்கள் புகுந்து உள்ளிருக்கும் பல்லை அரிக்கத் தொடங்கும்.

சொத்தைப் பல்லை வேர்ச் சிகிச்சையால் காத்தபின் அதன்மேல் உறையிடுவது வழக்கம். மக்கள் இதனைக் 'கேப்' என்பர். பழைய முறையில், மருத்துவர் பல்லைச் சுற்றிலும் இழைத்துப் பசையால் அச்செடுப்பார். அவ்வச்சில் சாந்து வார்த்துப் பல்லின் படியை உண்டாக்குவர். படியின்மேல் மெழுகால் உறை வனைந்து, வெப்பம் தாங்கும் கலவையால் மூடிச் சூடேற்றுவர். மெழுகு உருகி ஓடிவிடும். அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுவர். சுவாமிமலையில் திருமேனிகள் வார்க்கும் முறையும் இதுவே அன்றோ! ஆனால், அச்சு வெளியூர்ப் பட்டறைக்குச் சென்று உறையாகத் திரும்பப் பல நாள் ஆகும். இராசபாளையத்து நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் மருத்துவரிடம் மீண்டும் மீண்டும் வருவதென்றால், அத்தனை நாள் கூலியையும் இழக்க நேரிடும்.

இக்காத்திருப்பை ஒழிக்க முனைந்தவர்கள் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மோர்மன் என்ற பல் மருத்துவரும், பிராண்டெஸ்டினி என்ற பொறியாளரும் ஆவர். 1985இல் சூரிச்சுப் பல்கலைக்கழகத்தில், நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே பல்லின் குழியை ஒளியால் அளந்து, பீங்கான் துண்டில் அதற்கேற்ற அடைப்பைப் பொறியால் செதுக்கிப் பொருத்தினர். இன்று சிறு ஒளிக்கருவி வாய்க்குள் உலவிப் பல்லின் வடிவத்தை எண்களாக மாற்றுகிறது. கணினித் திரையில் மருத்துவர் உறையை வரைகிறார். வைர நுனி ஊசிகள் அதைச் செதுக்குகின்றன.

உறைக்கு உதவும் பொருள்களுள் சிர்கோனியா வியப்புக்குரியது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் சிர்க்கான் என்னும் கனிமமே இதன் மூலப்பொருள். முழுதும் சுட்ட சிர்கோனியா மிகக் கடினமானது, செதுக்குவது அரிது. ஆகவே, சுண்ணக்கட்டி போன்ற அரைவேக்காட்டு நிலையிலேயே, வேண்டிய அளவினும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகச் செதுக்குவர். பின் ஏறக்குறைய 1500 பாகை வெப்பத்தில் சுட, அது சுருங்கிச் சரியான அளவை அடையும். குயவரின் பச்சைக் கலம் சூளையில் சுருங்குவதை நினைவிற் கொள்க.

இப்பொறியின் விலை பல இலட்சம் ரூபாய். சிற்றூர் மருத்துவர் எல்லாரும் வாங்குதல் எளிதன்று. வாங்கினால் அச்செலவு நோயாளியின் தலையில் விழவும் கூடும். எனினும், பொறியை வாங்காமலே பயன்பெற வழியுண்டு. ஒளிக்கருவி மட்டும் உள்ள மருத்துவர், அளவுகளை இணையம் வழியே நகரத்துப் பட்டறைக்கு அனுப்பலாம். அதுவும் இல்லாதவர் பழையபடி அச்சையே அனுப்ப, பட்டறையார் சாந்துப் படியை அளந்து பொறியில் செதுக்குவர்.

மெழுகு வனைந்த கைகளுக்கு வேலை குறைந்ததென்பது உண்மை. ஆயினும், உறைக்கு அண்டைப் பல்லின் நிறத்தைத் தீட்டுவது இன்றும் பெரும்பாலும் கைத்தொழிலே. பொருத்திய பின், மருத்துவர் மெல்லிய நீலத் தாளைக் கடிக்கச் சொல்வார். நீலம் அழுந்தப் படிந்த மேட்டைத் தம் கையாலேயே இழைத்துவிடுவார்.