பிரிஸ்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் ஒயின்

டெக்சாஸ் மாநிலத்தின் லாக்ஹார்ட் ஊரில் 1900இல் தொடங்கிய கிரைட்ஸ் மார்க்கெட் முதலில் ஒரு கறிக்கடைதான். விற்காமல் நின்ற இறைச்சியை வீணாக்க மனமில்லாமல் ஓக் விறகின் அனலில் வாட்டி விற்றார்கள். பருத்தி பறிக்க வந்த கூலியாட்கள் அதைத் தாளில் பொட்டலமாக வாங்கிக் கையாலேயே சாப்பிட்டார்கள். முள்கரண்டி கிடையாது, சாஸ் கிடையாது. கத்தியை மட்டும் மேசையோடு சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். குடிக்க பீர், பீர் வேண்டாதவர்களுக்கு அதே மாநிலத்து வேக்கோ நகரில் பிறந்த டாக்டர் பெப்பர், பிக் ரெட் என்ற சோடா பானங்கள். ஒயின் என்ற பேச்சே அங்கு எழவில்லை.

டெக்சாஸுக்குத் திராட்சை தெரியாது என்பதல்ல காரணம். பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்செரா பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, டெக்சாஸின் டெனிசன் நகரில் வாழ்ந்த மன்சன் என்ற திராட்சை ஆய்வாளர், அந்தப் பூச்சியைத் தாங்கும் காட்டுக்கொடிகளின் வேர்த்தண்டுகளைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு அடையாளம் காட்டினார். 1888இல் பிரெஞ்சு அரசு அவருக்கு விருது அளித்தது. ஆனால் 1920இல் வந்த மதுவிலக்கு அமெரிக்க ஒயின் தொழிலை முறித்துப்போட்டது. 1933இல் அது நீங்கிய பிறகும் டெக்சாஸில் பல மாவட்டங்கள் வாக்களித்து மதுவை வெளியே நிறுத்தின. ஒயின் பணக்காரர் வீட்டுப் பொருளாகிவிட்டது. அனலில் வாட்டிய அந்த இறைச்சி, அதாவது பார்பிக்யூ, உழைப்பாளியின் உணவாகவே நின்றது.

1980களில் அமெரிக்கா முழுவதும் பரவிய ஒயின், இளஞ்சிவப்பு நிறத்தில் இனிக்கும் ஒயிட் ஜின்ஃபாண்டல். ஒயின் அறிந்தவர்கள் அதை ஏளனம் செய்தார்கள். சாஸ் ஊற்றிய பன்றி விலாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ஏளனம் நியாயமற்றது என்பேன். சாஸில் சர்க்கரை இருக்கும்போது இனிப்பற்ற ஒயின் வாயில் புளித்துப்போகும்; சிறிது இனிப்புள்ள ஒயின் ஈடுகொடுக்கும். குளிரவைத்து ஊற்றினார்கள் என்பதும் அதன் பலம்.

இன்றைய நிலையே வேறு. 2009இல் ஆஸ்டினில் ஒரு டிரெய்லர் வண்டியில் பார்பிக்யூ கடை போட்ட ஆரன் ஃபிராங்க்ளின், 2015இல் சமையல் கலைஞர்களுக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றார். உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷெலின் கையேடு 2024இல் முதன்முறையாக டெக்சாஸுக்கு வந்தபோது நான்கு பார்பிக்யூ கடைகளுக்குத் தலா ஒரு நட்சத்திரம் கொடுத்தது. இறைச்சியின் விலை ஏறியது. அதைத் தேடி வருபவர்கள் ஒயினும் கேட்கிறார்கள். மேற்கே லப்பக் நகரைச் சுற்றிய உயர்சமவெளியில் டெம்ப்ரனியோ, மூர்வேத்ர் கொடிகள் நன்றாக விளைகின்றன. ஆக, உள்ளூர் இறைச்சிக்கு உள்ளூர் ஒயினே கிடைக்கிறது.

அன்று கேட்கவேண்டிய கேள்வி ‘ஒயின் இருக்கிறதா’ என்பதுதான். இன்றைய கேள்வி, அதைத் தேர்ந்தெடுத்தவர் தன் கடை இறைச்சியோடு குடித்துப் பார்த்தாரா என்பது. பட்டியலின் நீளத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை. நாற்பது பெயர் இருந்து எல்லாமே கனத்த கலிஃபோர்னியா கேபர்னே என்றால் அது பார்பிக்யூ கடைக்கான பட்டியலே அல்ல. கேபர்னேயின் டானின் நாக்கைத் துவர்க்க வைக்கும். பால் சேர்த்ததும் கடுந்தேநீரின் துவர்ப்பு அடங்குவதுபோல, பிரிஸ்கெட் என்னும் மாட்டு நெஞ்சுக்கறியின் கொழுப்பும் புரதமும் அதை அடக்கும். அதுவரை சரி. ஆனால் பிரிஸ்கெட்டின் மேல் கருகிய ஓட்டில் மிளகு அப்பியிருக்கிறது, பக்கத்தில் ஹாலப்பெனோ மிளகாய் போட்ட சாசேஜ் இருக்கிறது. ஆல்கஹால் காரத்தின் எரிச்சலைக் கூட்டும். 15 சதவீத ஆல்கஹாலுள்ள ஒயினைக் காரத்தோடு குடித்தால் நாக்கு எரியும், கசக்கும், இறைச்சியின் ருசியே தெரியாது. புளிப்புத் துடிப்பாகவும் துவர்ப்பு மிதமாகவும் உள்ள பழச்சுவை ஒயின்தான் அங்கே வேலை செய்யும்: போஜொலே, லேசான கிரனாஷ், குமிழிவிடும் லாம்ப்ருஸ்கோ, சற்றே இனித்த ரீஸ்லிங்.

அடுத்தது வெப்பம். இதில்தான் பெரும்பாலான கடைகள் சறுக்குகின்றன. டெக்சாஸ் கோடை 38 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். இறைச்சி வாட்டும் அடுப்புக்கு அருகில் அலமாரியில் நிற்கும் சிவப்பு ஒயின் வெந்துபோகிறது. சிவப்பாக இருந்தாலும் 15 டிகிரி அளவில் வந்தால்தான் அதன் பழமணம் தெரியும். திறந்த பாட்டிலும் அப்படியே: இரண்டு மூன்று நாளில் காற்றுப் பட்டு மணமிழந்துவிடும். ஒயின் அதிகம் விற்காத கடையில் டின்னில் அடைத்ததோ, பீரைப்போல் கெக் என்ற உலோகப் பீப்பாயிலிருந்து ஊற்றுவதோ இதைவிட மேல். டின் என்றதும் முகம் சுளிப்பவர்கள் நான்கு நாள் திறந்து கிடந்த பாட்டிலோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பார்பிக்யூ கடைக்கு ஐந்து ஒயின் போதும்: குளிர்ந்த ரோஸே ஒன்று, சற்றே இனித்த வெள்ளை ஒன்று, குமிழிவிடுவது ஒன்று, குளிரவைத்த லேசான சிவப்பு ஒன்று, கொழுத்த பிரிஸ்கெட்டுக்காக உயர்சமவெளி டெம்ப்ரனியோ ஒன்று. ஐந்தையும் கிளாஸ் கணக்கில் விற்க வேண்டும். அப்படிப்பட்ட கடையில் நீங்கள் உட்கார நேர்ந்தால், கிளாஸுக்குச் சொல்லும் முன் அந்தப் பாட்டிலை என்றைக்குத் திறந்தார்கள் என்று கேளுங்கள்.