ஆகாயத்தில் ஓர் அக்கவுண்ட்ஸ் யுத்தம்!

வீடியோ கேம் என்றால் நமக்குத் தெரிந்த ஃபார்முலா ஒன்றுதான். சுடு, செத்துப் போ, பட்டனை அழுத்து, மறுபடி பிறந்து வா. ஆளும் புதுசு, துப்பாக்கியும் புதுசு. செத்ததில் ஒரு நயா பைசா நஷ்டமில்லை.

'ஈவ் ஆன்லைன்' என்கிற விளையாட்டில் இந்தப் பாச்சா பலிக்காது. இங்கே கப்பல் வெடித்தால் வெடித்ததுதான். கோவிந்தா! 'மூணு மாசமா சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கினது ஸார்' என்று யாரிடமும் மூக்கைச் சிந்த முடியாது.

ஐஸ்லாந்தின் தலைநகர் ரேக்யவிக்கில் இருக்கும் சி.சி.பி. என்ற கம்பெனி 2003 மே மாதம் இதை வெளியிட்டது. இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2013-இல் சந்தாதாரர்கள் ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள். அப்போது ஐஸ்லாந்தின் மொத்த ஜனத்தொகையே சுமார் மூன்றே கால் லட்சம்தான்!

கதை சிம்பிள். எதிர்காலம். பூமியை விட்டு எங்கோ தொலைதூரத்தில் 'நியூ ஈடன்' என்கிற நட்சத்திரக் கூட்டம். அதில் நீங்கள் ஒரு விண்கப்பல் கேப்டன். பாறையை வெட்டித் தாது எடுக்கலாம், ஃபாக்டரி போடலாம், சரக்கு வாங்கி விற்கலாம், அலுத்துப் போனால் கொள்ளையடிக்கலாம். கப்பல், பீரங்கி, குண்டு எல்லாமே பெரும்பாலும் ஆட்டக்காரர்கள் தயாரித்து மார்க்கெட்டில் விற்பவை. இந்த உலகத்தின் காசுக்கு 'இஸ்க்' என்று பெயர். ஐஸ்லாந்து கரன்சியின் சுருக்கப் பெயரும் அதேதான். குசும்பு!

சுழன்றால் பிழைத்தாய்!

சண்டைக்கு வருவோம். விரல் வேகத்தை நம்பி இங்கே வராதீர்கள். எதிரியைத் தேர்ந்தெடுத்து 'லாக்' செய்ய வேண்டும். இத்தனை கிலோமீட்டர் தூரத்தில் அவனைச் சுற்றி வா என்று கப்பலுக்கு உத்தரவு போட வேண்டும். பீரங்கியை ஆன் பண்ண வேண்டும். மீதியெல்லாம் கணக்கு.

ஒரு பக்கம் பிரம்மாண்டமான பேட்டில்ஷிப். எதிரே விலை மலிவான குட்டி ஃப்ரிகேட். யார் ஜெயிப்பார்? பெரியவர் என்பீர்கள். அவசரப்படாதீர்கள்.

தூரத்தில் போகிற ரயிலைப் பார்க்கத் தலையை லேசாகத் திருப்பினால் போதும். அதே எக்ஸ்பிரஸ் ரயிலை பிளாட்பார ஓரத்தில் நின்று பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். பெரிய பீரங்கிக்கும் அதே கழுத்து வலிதான். அது திரும்புகிற வேகம் குறைவு. குட்டிக் கப்பல் பக்கத்தில் வந்து ஈ மாதிரி சுற்ற ஆரம்பித்தால், பெரியவர் சுடுவதெல்லாம் வெட்டவெளிக்குத்தான் போகும்.

ஆனால் ஈ நேர்க்கோட்டில் வந்தால் காலி! பீரங்கி திரும்பவே வேண்டியதில்லையே, ஒரே குண்டில் ஸ்வாஹா. அதனால் விஷயம் தெரிந்த கேப்டன் சாய்வாக, சுழன்று சுழன்றுதான் நெருங்குவார்.

பெரியவர் சும்மா இருப்பாரா? எதிரியின் வேகத்தைக் குறைக்கிற கருவி ஒன்று உண்டு. 'வெப்' என்பார்கள். அது மாட்டிய கப்பல் பசையில் விழுந்த ஈதான். தானாகப் பறந்து போய்த் தாக்கும் ட்ரோன்களையும் ஏவலாம். பதிலுக்கு, சின்னவரிடம் 'ஸ்கிராம்ப்ளர்' என்று ஒரு சமாசாரம். அதைப் போட்டுவிட்டால் எதிராளி வேறு இடத்துக்குப் பாய்ந்து தப்பிக்க முடியாது. சின்னவர் பெரியவரின் காலைப் பிடித்துத் தொங்க, பின்னாலேயே கூட்டாளிகள் வந்து மொத்துவார்கள்.

கப்பலுக்கு மூன்று அடுக்குப் பாதுகாப்பு. வெளியே ஷீல்டு, அடுத்து இரும்புக் கவசம், கடைசியில் உடம்பு. தாக்குதலில் நாலு வகை: மின்காந்தம், வெப்பம், மோதல், வெடிப்பு. ஷீல்டுக்கு மின்காந்தம் ஆகாது, கவசத்துக்கு வெடிப்பு ஆகாது. எதிரி எதை நம்பி வருகிறான் என்று பார்த்துத்தான் குண்டு போட வேண்டும். பாதிக் கருவிகள் பேட்டரியில் ஓடுபவை. அதை உறிஞ்சி எடுக்கவே தனிக் கருவி இருக்கிறது. கரண்ட் போனால் கம்பீரமும் போச்சு.

பில்லோடு வரும் சாவு

தோற்றவருக்கும் ஜெயித்தவருக்கும் ஒரு ரிப்போர்ட் வரும். எந்தக் கப்பல், என்னென்ன சாமான், யார் யார் அடித்தார்கள் என்று ஐட்டம் வாரியாக! உள்ளே இருந்த ஒவ்வொரு சாமானும் தப்பிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தப்பியதை ஜெயித்தவர் அள்ளிக்கொண்டு போவார். இன்ஷூரன்ஸ் உண்டு. ஆனால் கப்பலின் கூட்டுக்கு மட்டும்தான். மாட்டிய பீரங்கிக்கெல்லாம் கிடையாது. (க்ளெய்ம் போட்டுப் பார்த்தவர்கள் இப்போது பெருமூச்சு விடலாம்.)

போலீஸ் இல்லையா? இருக்கிறது, சில வட்டாரங்களில் மட்டும். அங்கேயும் அடித்தவனைத் தண்டிக்கும், அடிபட்டவரைக் காப்பாற்றாது. இதையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் கொள்ளைக்காரர்கள். பத்து மலிவுக் கப்பல்களைப் போலீஸுக்குப் பலி கொடுத்து ஒரு சரக்குக் கப்பலை உடைத்தால் லாபமா, நஷ்டமா? லாபம் என்றால் உடை!

மறந்துபோன ஒரு பில்

2014 ஜனவரி 27. 'பி-ஆர்5ஆர்பி' என்று வாயில் நுழையாத பெயருள்ள ஒரு சூரிய மண்டலம். அதைப் பிடித்து வைத்திருந்த கூட்டணி, அந்த இடத்தின் உரிமைக்குக் கட்ட வேண்டிய பில் கட்டப்படாமல் போயிற்று. உரிமை ரத்து! எதிர்க் கூட்டணி விட்டுவைக்குமா? படையோடு புகுந்தது.

சண்டை சுமார் 21 மணி நேரம். கலந்துகொண்டவர்கள் ஏழாயிரத்து ஐநூறு பேருக்கு மேல். இத்தனை பேர் ஒரே நேரத்தில் மோதினால் கம்ப்யூட்டர் தாங்காது. அதனால் விளையாட்டின் காலமே பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடும்படி ஏற்பாடு. ஒரு நிமிட வேலைக்குப் பத்து நிமிடம். விண்வெளியிலும் சர்க்கார் ஆபீஸ் வேகம்!

முடிவில், வாரக்கணக்கில் உழைத்துக் கட்டிய 'டைட்டன்' என்கிற ராட்சசக் கப்பல்கள் 75 அழிந்தன. விளையாட்டுக் காலத்தை விலைக்கு வாங்குகிற ரேட்டில் கணக்குப் போட்டால் நஷ்டம் சுமார் மூன்று லட்சம் டாலர். கம்பெனி அந்த இடத்தில் உடைந்த கப்பல்களையே நினைவுச் சின்னமாக வைத்துவிட்டது. 2020 டிசம்பர் கடைசியில் இன்னொரு சண்டையில் 257 டைட்டன்கள் போனது தனிக் கதை.

'ஆகாயத்தில் ஓடும் எக்ஸெல்' என்று இந்த விளையாட்டைக் கிண்டல் செய்வார்கள். கம்பெனி கோபித்துக்கொள்ளவில்லை. நிஜமாகவே மைக்ரோசாஃப்ட் எக்ஸெலோடு இணைக்கப் போவதாக 2022-இல் ஆட்டக்காரர்கள் கூட்டத்தில் அறிவித்தது. கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. ஆபீஸில் எக்ஸெலைப் பார்த்தாலே கொட்டாவி விடுகிற ஜனங்களா இவர்கள்!

இந்த ஆட்டக்காரர்கள் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லும் முதல் புத்திமதி: இழந்தால் தாங்கக்கூடிய கப்பலில் மட்டும் ஏறு. பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்குக்கூடச் சண்டை நேரத்தில் கை நடுங்குமாம். நடுங்காதா பின்னே? போனால் திரும்ப வராது என்று தெரிந்த பொருளைப் பணயம் வைப்பதற்குத்தான் தைரியம் வேண்டும். பட்டனை அழுத்தினால் மறுபடி பிறக்கலாம் என்கிற இடத்தில் எல்லோரும் சூரப்புலிதானே?

ஆகவே கேப்டன்களே, பீரங்கியைத் துடைப்பது அப்புறம் இருக்கட்டும். பில் கட்டியாச்சா?